ஓட்டும்போது ஆயில் பிரஷர் முள் விழுந்த அனுபவம் யாருக்காவது உண்டா?

கருப்பு 944:
1986 போர்ஷே 944, 2.5 லிட்டர். உல்மிலிருந்து ஸ்டுட்கார்ட் போகும் ஏ8 சாலையில் ஒரு லாரியைத் தாண்டும்போது, 4 பாரில் (அழுத்தத்தின் அளவு) நின்ற முள் இரண்டு துடி துடித்துவிட்டுப் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. ஆயில் அழுத்தம் போனால் இந்த வண்டியில் இன்ஜினுக்குள் இருக்கும் இரண்டாவது ராட் பேரிங்தான் முதலில் போகும் என்ற கதை உங்களுக்கெல்லாம் தெரியும். அதைத் தவிர வேறு எதுவும் எனக்கு அப்போது மண்டையில் ஓடவில்லை. ஓரம்கட்டி அணைத்தேன். ஆயில் அளவு சரி, தட்டல் சத்தம் இல்லை, சிவப்பு விளக்கும் எரிந்திருக்கவில்லை. வண்டியை ஏற்றிப்போன ஒர்க்‌ஷாப்பில் முள்ளை மட்டும் பார்த்துவிட்டு பேரிங் போயிருக்கும், இன்ஜினை இறக்கணும் என்றார்கள். சரி என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது.

ஒரு நாள் டைம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். சாவியை ஆன் பண்ணி, இன்ஜினில் இருக்கும் ஆயில் பிரஷர் சென்சாரில் ஜி என்று போட்ட, கேஜுக்குப் போகும் ஒயரைக் கழற்றினால் முள் 5-க்கு ஓட வேண்டும். ஒயர் என் கையில் இருக்கிறது, உள்ளே உட்கார்ந்திருந்த மனைவி "அசையவே இல்லைங்க" என்றாள். அப்போதுதான் உறைத்தது, கோளாறு சென்சாரில் இல்லை, இன்ஜினிலும் இல்லாமல் இருக்கலாம். ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், எக்ஸாஸ்ட் பக்கத்தில் உறை உருகி, செம்புக் கம்பி இன்ஜின் பிளாக்கில் ஒட்டிக்கொண்டு எர்த் ஆகியிருந்தது, எர்த் ஆனால் முள் பூஜ்யம்தான் காட்டும். விலக்கியதும் "ஓடுது, ஓடுது" என்று கத்தினாள். அப்புறம் ஒயர் இல்லாமல் அழுத்தத்தை நேராகக் காட்டும் மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பார்த்தேன்: சூட்டில் ஐட்லிங்கில் 2.5 பார், 3000 ஆர்பிஎம்மில் 4.

பழைய எம்ஜி:
அண்ணா, உங்களுக்கு ஒயராகப் போனது அதிர்ஷ்டம். இதைப் படித்துவிட்டு முள் விழுந்தால் ஒயர்தான் என்று யாரும் ஓட்டிக்கொண்டே போய்விடக் கூடாது. என் 1965 எம்ஜிபியில் ஒயரே கிடையாது, ஆயிலே குழாய் வழியாக டாஷ்போர்டு வரை வரும். ஆக்ஸ்ஃபோர்டுக்கு வெளியே முள் 60 பிஎஸ்ஐ-யிலிருந்து (சுமார் 4 பார்) மெதுவாக இறங்கியது, கேஜ் மக்கர் பண்ணுகிறது என்று நினைத்தேன். பிளாக்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் வெடித்து பானெட்டுக்குள் முழுக்க ஆயில். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கின் நுனியில்கூட ஒட்டவில்லை. இன்னும் அரை மைல் போயிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

மழைநாள் மியாட்டா:
என் 1996 மஸ்டா மியாட்டாவில் ஆயில் பிரஷர் முள் நடுவில்தான் நிற்கும். குளிரோ வெயிலோ, ஏழு வருடமாக அசைந்ததில்லை. நல்ல ஆயில் ஊற்றி நேரத்துக்கு மாற்றினால் போதும் நண்பர்களே.

கருப்பு 944:
தம்பி, அசையாத முள்ளை நம்பாதீர்கள். 1994 வரை வந்த மியாட்டாவில்தான் உண்மையான கேஜ். 1995-லிருந்து சென்சார் இடத்தில் வெறும் ஸ்விட்ச், கொஞ்சம் அழுத்தம் வந்தாலே முள் நடுவுக்கு வந்து நின்றுவிடும். 1 பாரானாலும் 4 பாரானாலும் அதே இடம்தான். ஆயில் நல்லதா கெட்டதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி லேசாக ஆக்சிலரேட்டரை மிதித்துப் பாருங்கள், உண்மையான கேஜ் என்றால் முள் ஏறி இறங்கும். இல்லையென்றால் ஒரு மெக்கானிக்கல் கேஜ் வாங்கி ஒரு தடவையாவது மாட்டிப் பார்த்துவிடுங்கள், ஹோஸை எக்ஸாஸ்டில் படாமல் கட்டுங்கள். வாரம் ஒரு தடவை டிப் ஸ்டிக் பாருங்கள், சமதளத்தில், அணைத்து ஐந்து நிமிடம் கழித்து.

பழைய எம்ஜி:
ஹோஸைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி அண்ணா, அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ரப்பர் வெடிப்பு விட்டிருந்தால் உடனே மாற்றிவிட வேண்டும்.

மழைநாள் மியாட்டா:
இப்போதுதான் கீழே போய் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். ஐட்லிங்கிலும் நடுவில், 3000-லும் நடுவில், ஒரு மயிரிழை நகரவில்லை. டிப் ஸ்டிக்கில் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருக்கிறது.