புதுப்பிப்பு: தங்கையின் பாதுகாப்புக் கட்டளை விண்ணப்பம்

கணவனின் அடிக்கு எதிராகத் தங்கை நீதிமன்றத்திடம் கோரும் பாதுகாப்புக் கட்டளைக்கு, செயற்கை நுண்ணறிவு உதவியாளரை வைத்து விண்ணப்பம் தயாரிக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். தயாரித்தோம். திருகோணமலை நீதவான் நீதிமன்றில் தாக்கலும் செய்தாயிற்று; இடைக்காலக் கட்டளை கிடைத்துவிட்டது.

அவள் அழுதழுது சொன்னவற்றைத் திகதி வரிசையில் அடுக்க அது நன்றாகவே உதவியது. சட்டத்தில்தான் தடுமாறியது. இந்தியாவிலும் வீட்டு வன்முறைக்கு எதிராக 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருப்பதால், அந்தச் சட்டப்படி நியமிக்கப்படும் 'பாதுகாப்பு அலுவலரை' நம் விண்ணப்பத்துக்குள் கொண்டுவந்துவிட்டது! இலங்கையில் நமக்குரியது 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். விண்ணப்பப் படிவம் அதன் அட்டவணையிலேயே இருக்கிறது. அதை ஒட்டிக் கொடுத்த பிறகே சரியாக எழுதியது. அவள் சொல்லாத காயம் ஒன்றையும் சேர்த்திருந்தது. சத்தியக்கடதாசியில் அப்படி ஒரு வரி போதும், வழக்கே சாய்ந்துவிடும். சட்ட உதவி ஆணைக்குழுச் சட்டத்தரணி வரிவரியாகப் பார்த்த பின்னரே தங்கை கையெழுத்திட்டாள்.

எல்லாவற்றையும் என் கைத்தொலைபேசியில்தான் செய்தோம். அவளுடையதன் கடவுச்சொல் கணவனுக்குத் தெரியும். இடைக்காலக் கட்டளை தற்காலிகமானதுதான்; விண்ணப்பித்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் விசாரணை. அயல்வீட்டு அக்கா சாட்சி சொல்ல வருவதாகச் சொல்லியிருக்கிறார்.