8 கடிக்குது, 9 கழலுது: எந்த ஷூதான் வாங்குவது?

விளக்குத்தூண்காரன்:
விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேனாக இருக்கிறேன். கடை திறந்ததிலிருந்து சாத்துகிற வரை நின்றபடிதான் வேலை. இனிமேல் எல்லாரும் கறுப்பு ஷூ போடணும் என்று முதலாளி சொல்லிவிட்டார். எனக்கோ வருஷக்கணக்காகச் செருப்பிலேயே பரந்துபோன கால். 8 போட்டால் சுண்டுவிரல் ஓரத்தில் கடித்துக் கொப்புளம் வருகிறது, 9 போட்டால் ஒவ்வொரு எட்டுக்கும் குதிகால் தூக்கிக்கொண்டு வருகிறது. ஷூ விற்றவர் 'போடப் போட சரியாயிடும்' என்கிறார். நம்பலாமா? தீபாவளிக் கூட்டம் வேறு நெருங்குது.

தெப்பக்குளம் வாக்கிங்:
தம்பி, உங்களுக்குக் குறைவது அகலம், நீளம் இல்லை. இங்கே விற்கிற 8, 9 பெரும்பாலும் யூகே நம்பர்தான். ஒரு நம்பர் ஏறினால் நீளம் ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர் கூடும், அகலம் அந்த அளவுக்குக் கூடாது, அதனால்தான் 9-இல் பின்னால் இடம் விழுகிறது. உள்ளே இருக்கிற இன்சோலை உருவித் தரையில் போட்டு, அதன்மேல் முழு எடையையும் கொடுத்து நின்று பாருங்கள். சுண்டுவிரல் வெளியே வழிந்தால் அந்த மாடலையே விட்டுவிடுங்கள்.

மாசி வீதி காலணி:
கடை வைத்திருப்பவன் என்கிற முறையில் சொல்கிறேன், நிஜத் தோல் என்றால் ஓரளவு இளகும், ரெக்சின் அப்படியேதான் இருக்கும். அதிலும் அகலம்தான் கொஞ்சம் கொடுக்கும், நீளம் கொடுக்காது. அப்புறம், காலையில் போய் வாங்காதீர்கள். நாள் முழுக்க நின்ற கால் சாயங்காலம் வீங்கியிருக்கும், வேலைக்குப் போடுகிற அதே சாக்ஸோடு அப்போது போட்டுப் பாருங்கள். இரண்டு காலும் ஒரே அளவில் இருக்காது, பெரிய காலுக்குத்தான் சைஸ் பார்க்கணும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் போதும்.

கே.கே.நகர்:
இது உங்கள் ஒருவர் பிரச்சினை இல்லை ப்ரோ. சென்னை அடையாறில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு லட்சம் பேருக்கு மேல் காலை அளந்து, நம்மவர்களுக்கு அகலம் அதிகம் என்று பார்த்து, 'பா' என்று தனி அளவுமுறையே தயாரித்திருக்கிறது. அது கடைக்கு வருகிற வரை 'வைட்' என்று கேட்டு வாங்குங்கள், சில பெட்டிகளில் 2ஈ, 4ஈ என்று போட்டிருக்கும். ஒன்று கேட்கணும், சுகர் இருக்கா? இருந்தால் கொப்புளத்தோடு விளையாடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

விளக்குத்தூண்காரன்:
சுகர் இல்லை அண்ணே. இன்சோல்மேல் நின்று பார்த்தேன், 9-இலும் சுண்டுவிரல் பாதி வெளியேதான் நிற்கிறது! வைட் 8 தேடப்போகிறேன். அதிலும் குதிகால் தூக்கினால்?

தெப்பக்குளம் வாக்கிங்:
கயிறு கட்டுகிற ஷூவாகவே எடுங்கள், சும்மா நுழைக்கிற மாடல் வேண்டாம். மேலே கடைசி ஓட்டையில் அந்தந்தப் பக்கத்துக் கயிற்றையே வளையமாக விட்டு, எதிர்க் கயிற்றை அதற்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால் குதிகால் நகராது.

மாசி வீதி காலணி:
வாங்கிய அன்றைக்கே தெருவில் இறங்கிவிடாதீர்கள். வீட்டு டைல்ஸில் ராத்திரி கொஞ்ச நேரம் நடந்து பாருங்கள், பில்லும் பெட்டியும் பத்திரம். அடியில் மண் பட்டுவிட்டால் நாங்கள் மாற்றித் தரமாட்டோம்.