எல்.ஓ. ஆசிரியை நான்: கவுன்சலிங் ஹானர்ஸ் படிப்பதா, பிரின்சிபல் டிப்ளமாவா?

ஃபீனிக்ஸ் டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் ஃபீனிக்ஸில் ஒரு செகண்டரி பள்ளியில் லைஃப் ஓரியன்டேஷன் (எல்.ஓ.) என்ற வாழ்க்கைத் திறன் பாடம் நடத்துகிறேன். எங்களுக்குக் கவுன்சலர் பதவியே கிடையாது. பத்தாம் வகுப்பில் மேத்ஸ் எடுப்பதா, அன்றாடக் கணக்கு மட்டும் உள்ள மேத்ஸ் லிட்டரசி எடுப்பதா என்று முழிக்கிற பையனும் என்னிடம்தான் வருகிறான். அப்பா குடித்துவிட்டு அடித்தார் என்று அழுகிற பிள்ளையும் என்னிடம்தான் வருகிறாள். போன டெர்மில் ஒரு பெண், "மேம், எனக்கு இருக்கவே பிடிக்கவில்லை" என்றாள். மாவட்ட சைக்காலஜிஸ்டுக்காகப் போன் செய்தேன். அவர் கையில் எத்தனையோ பள்ளிகள், காத்திருக்கச் சொன்னார்கள். அந்தப் பிள்ளை எப்படிக் காத்திருக்கும்?

பி.எட். இருக்கிறது, சேஸ் என்ற ஆசிரியர் கவுன்சிலில் பதிவும் இருக்கிறது. வேலையோடு சேர்த்து மேலே படிக்கலாம் என்று இரண்டு படிப்புகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று கவுன்சலிங் சார்ந்த பி.எட். ஹானர்ஸ், அதாவது பட்டத்துக்கு மேலான படிப்பு. மற்றது பிரின்சிபல் ஆக நினைப்பவர்கள் படிக்கும் ஸ்கூல் லீடர்ஷிப் அட்வான்ஸ்டு டிப்ளமா. வீட்டுக்காரர் டிப்ளமாவைத்தான் படிக்கச் சொல்கிறார். ஹானர்ஸ் முடித்தால் நான் கவுன்சலர் ஆகிவிடுவேனா? பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவதை யாராவது பக்கத்தில் இருந்து சொல்லித் தருவார்களா, இல்லை அசைன்மென்ட் மட்டும்தானா?

மாரிட்ஸ்பர்க் கவுன்சலர்:
அக்கா, கடைசியாகக் கேட்டதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஹானர்ஸ் என்ற பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். சைக்காலஜிஸ்டுகளையும் கவுன்சலர்களையும் பதிவு செய்கிற சுகாதாரத் தொழில் கவுன்சிலான எச்.பி.சி.எஸ்.ஏ.வின் அங்கீகாரம் இல்லாத ஹானர்ஸ் படித்தால் அறிவு வளரும், ஆனால் பதிவில் நீங்கள் ஆசிரியராகவேதான் இருப்பீர்கள். ரிஜிஸ்டர்ட் கவுன்சலர் ஆக, அங்கீகாரம் பெற்ற நான்கு வருட பி.சைக் என்ற சைக்காலஜி பட்டம் அல்லது அதற்கு இணையான ஹானர்ஸ் வேண்டும். அதில் 720 மணி நேரப் பயிற்சி, அப்புறம் அந்தக் கவுன்சிலின் போர்டு தேர்வில் 70 சதவீதம். எஜுகேஷனல் சைக்காலஜிஸ்ட் என்றால் மாஸ்டர்ஸ் முடித்து ஒரு வருட இன்டர்ன்ஷிப்பும் இருக்கிறது.

அந்த 720 மணி நேரம்தான் என்னை உருவாக்கியது. நான் பேசியதை சூப்பர்வைசரிடம் அப்படியே ஒப்பிக்க வேண்டும். "அந்த இடத்தில் அவள் நிறுத்தியதும் நீ ஏன் அவசரமாகப் பேச ஆரம்பித்தாய்?" என்று கேட்பார். புத்தகம் இப்படிக் கேட்காது.

படிப்பு எதுவானாலும் இன்றைக்கே தெரிய வேண்டியது ஒன்று உண்டு. அடிபட்டுக் காயத்தோடு வந்த பிள்ளை, பாலியல் கொடுமை, வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவது, இவற்றை 2005ஆம் வருட சில்ட்ரன்ஸ் ஆக்ட் 110ஆம் பிரிவின்படி ஆசிரியர் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். அதற்கு ஃபார்ம் 22 இருக்கிறது. ஆகவே "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். இருக்கப் பிடிக்கவில்லை என்று சொன்ன பெண்ணைத் தனியாக விடாமல் பெரியவர் ஒருவரின் பொறுப்பில் ஒப்படையுங்கள். பிள்ளைகளுக்கான உதவி எண்ணான சைல்ட்லைன் 116க்கு இலவசமாகப் பேசலாம்.

மெரிபேங்க் ரிட்டயர்டு பிரின்சிபல்:
அம்மா, டிப்ளமாவைத் தள்ளிவிட வேண்டாம். நிறவெறி ஆட்சியில் இந்தியர்களுக்கென்று இருந்த சபையான ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸ் காலத்தில் நம் பள்ளிகளில் கைடன்ஸ் கவுன்சலர் இருந்தார். தொண்ணூறுகளில் பதவிகளைக் குறைத்தபோது முதலில் போனவர்களில் அவரும் ஒருவர். அதற்கப்புறம் எல்.ஓ. டைம்டேபிளில் மிச்சம் விழுகிற பீரியட் ஆகிவிட்டது. வாரத்துக்கு 2 மணி நேரம், யார் சும்மா இருக்கிறாரோ அவர் தலையில். இதை முடிவு செய்வது யார்? பிரின்சிபல்.

அந்த பிரின்சிபலுக்கு என்ன பயிற்சி? ஆசிரியர் தகுதி, சேஸ் பதிவு, அனுபவம், அவ்வளவு இருந்தால் விண்ணப்பிக்கலாம். தலைமைப் படிப்பு கட்டாயமில்லை. 2016இல் அரசு பிரின்சிபல்களுக்கான தரநிலையை வெளியிட்டது, எட்டுப் பொறுப்புகளை அழகாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் பதவிக்கு வருமுன் அவற்றைப் படித்துத் தேற வேண்டும் என்ற விதி இல்லை. இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். பணக்கணக்கும் கவர்னிங் பாடி என்ற பள்ளி நிர்வாகக் குழுவும் தெரிந்தால் போதாது. கதவு உள்ள ஓர் அறையும் வகுப்பில்லாத சில பீரியடும் இல்லாமல் ஒரு பிள்ளையிடம் மனம்விட்டுப் பேச முடியாது என்பது அந்த நாற்காலியில் உட்காருகிறவருக்குத் தெரிய வேண்டும்.

டர்பன் பெண், இப்போது அட்லாண்டா:
இங்கே அமெரிக்காவில் ஸ்கூல் கவுன்சலராக இருக்கிறேன். உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆனால் கவுன்சலிங் படிப்புகளை மதிப்பிடும் கேக்ரெப் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற மாஸ்டர்ஸ் என்றால் 60 கிரெடிட், 100 மணி நேர பிராக்டிகம் என்ற தொடக்கச் செய்முறைப் பயிற்சி, அப்புறம் 600 மணி நேர இன்டர்ன்ஷிப். அதில் 240 மணி நேரம் நேரடி வேலை. ஒரு கவுன்சலருக்கு 250 மாணவர் என்பது இங்குள்ள ஸ்கூல் கவுன்சலர் சங்கத்தின் பரிந்துரை, பல பள்ளிகள் இதைத் தாண்டிவிடுகின்றன.

அங்கிள் சொன்னதற்கு ஒரு வார்த்தை. இங்கே பிரின்சிபல் போன்ற பள்ளி நிர்வாகிகளுக்காக 2015இல் வந்த தரநிலைகள் பத்து. அதில் ஐந்தாவது, மாணவர்களுக்கு அக்கறையும் ஆதரவும் உள்ள சூழலை உருவாக்குவது. அதாவது கவுன்சலரின் வேலை பிரின்சிபலின் தரநிலைக்குள்ளேயே இருக்கிறது.

ஃபீனிக்ஸ் டீச்சர்:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. முதலில் கவுன்சலிங்தான் படிக்கப் போகிறேன். எச்.பி.சி.எஸ்.ஏ. அங்கீகாரம் உண்டா, பயிற்சி எங்கே நடக்கும், சூப்பர்வைசர் யார் என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை பணம் கட்ட மாட்டேன். லைப்ரரி பின்னாலுள்ள ஸ்டோர் ரூமைக் காலி செய்து தரும்படி எங்கள் பிரின்சிபலிடம் கேட்டேன், சரி என்றார். அந்தப் பெண் இப்போது அவளுடைய அத்தையோடு கிளினிக்குக்குப் போய் வருகிறாள்.

வேலை பார்த்துக்கொண்டே 720 மணி நேரத்தை முடித்தவர்கள் யாராவது இருந்தால், லீவு எப்படி வாங்கினீர்கள் என்று எழுதுங்கள்.