‘ஃபர்ஸ்ட் ஃபிளஷ்’: முதல் பறிப்பா, முதல் துளிர்ப்பா?

வணக்கம். தேயிலை பற்றிய ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பெயர் தேடும் நம் உரையாடலுக்கு என் பங்காக இதை எழுதுகிறேன்.

‘லூஸ் லீஃப் டீ’க்கு ‘உதிரித் தேயிலை’ என்பதில் எனக்கு முழுச் சம்மதம். சரத்தில் தொடுக்காத பூவை உதிரிப்பூ என்கிறோம். சிறு பையில் அடைக்காத தேயிலைக்கும் அதே சொல் இயல்பாகப் பொருந்துகிறது. அதற்கு இன்னொரு யோசனையான ‘தளர் இலை’ வேண்டாம், வாடிப்போன இலை என்று கேட்கிறது.

என்னை உறுத்துவது, ஆண்டில் செடி முதன்முதலாகக் கொழுந்து விடும் பருவத்தையும் அப்போது எடுக்கும் இலையையும் குறிக்கும் ‘ஃபர்ஸ்ட் ஃபிளஷ்’ஷுக்கு நாம் ஏறக்குறைய முடிவு செய்துவிட்ட ‘முதல் பறிப்பு’தான். டார்ஜிலிங்கில் குளிர்காலம் முழுக்கத் தேயிலைச் செடி உறங்கிக் கிடக்கும். பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ கொழுந்து விடத் தொடங்கி, ஏப்ரல் வரை விடும். அந்த இரண்டு மாதத்துக்குள் ஒரே செடியில் பலமுறை கொழுந்து எடுப்பார்கள். முதல் சுற்றில் எடுத்ததும் ஃபர்ஸ்ட் ஃபிளஷ்தான், ஏப்ரலில் எடுத்ததும் ஃபர்ஸ்ட் ஃபிளஷ்தான். ‘முதல் பறிப்பு’ என்று பொட்டலத்தில் போட்டால், முதல் சுற்றில் கிள்ளியது மட்டுமே என்றுதான் வாங்குபவர் நினைப்பார். ஃபிளஷ் என்பது செடி செய்கிற வேலை, பறிப்பு நாம் செய்கிற வேலை. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம்.

‘முதல் போகம்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அழகான சொல். ஆனால் போகம் என்றால் விதைத்து, அறுத்து, மறுபடி விதைப்பது. தேயிலைச் செடியோ ஐம்பது ஆண்டுக்கு மேலும் அதே இடத்தில் நின்று கொழுந்து தருவது.

என் அம்மா குன்னூர்ப் பக்கம் தோட்டத்தில் வேலை பார்த்தவர். கொழுந்து, கவ்வாத்து (செடியை வெட்டிவிடுவது), லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) என்று அவர் பேச்சில் புழங்கிய சொற்கள் வால்பாறையிலும் இலங்கை மலையகத்திலும் அப்படியே இருக்கின்றன. அதனால் ‘முதற்கொழுந்து’தான் முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் கொழுந்து என்பது கூடையில் விழுகிற பொருள். இரண்டு இலையும் ஒரு மொட்டும். அதை அப்படியே விட்டுவிட்டு, செடி கொழுந்து விடும் பருவத்துக்குத் ‘துளிர்ப்பு’ என்று வைத்துக்கொள்ளலாமே. ஆங்கிலத்தில் ஒரே சொல் இலைக்கும் பருவத்துக்கும் வருகிறது. தமிழில் பிரித்துச் சொல்ல முடியும்போது ஏன் குழப்பிக்கொள்ள வேண்டும்? தேயிலைச் செடி இடைவிடாமல் வளர்வதில்லை. கொஞ்ச நாள் துளிர்க்கும், பிறகு மொட்டு அசையாமல் நின்றுவிடும், மறுபடி துளிர்க்கும். அந்த நடையையே இந்தச் சொல் பிடித்துவிடுகிறது.

கோப்பையில் ஊற்றிப் பார்த்தால் இந்தச் சொல் எவ்வளவு முக்கியம் என்று தெரியும். முதல் துளிர்ப்பு இலையை நன்றாக வாட்டுவதால் அது முழுதாகக் கறுப்பதில்லை; காய்ந்த பிறகும் பச்சை தெரியும். சாறு வெளிர்பொன் நிறம், பூ மணம், நாக்கில் லேசான துவர்ப்பு. அதே செடியின் இரண்டாம் துளிர்ப்பு மே கடைசியிலும் ஜூனிலும் வரும். சின்னத் தத்துப்பூச்சிகள் இலைச்சாற்றை உறிஞ்ச, செடி தன்னைக் காத்துக்கொள்ள மணப்பொருள்களைச் சுரக்கிறது. ‘மஸ்கட்டல்’ என்று கொண்டாடுகிற பழுத்த திராட்சை மணத்தின் பின்னால் இந்தப் பூச்சிக்கும் பங்கு உண்டு. அசாமிலோ இரண்டாம் துளிர்ப்புக்குத்தான் மதிப்பு அதிகம். அடர்ந்த நிறம், மால்ட் (முளைகட்டி வறுத்த தானியம்) போன்ற சுவை, இடையிடையே பொன்னிற நுனிகள். 2004இல் இந்தியாவின் முதல் புவிசார் குறியீடு டார்ஜிலிங் தேயிலைக்குத்தான் கிடைத்தது. அப்படிப்பட்ட தேயிலையின் பருவங்களைச் சொல்லத் தமிழில் சரியான சொல் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

நீலகிரிக்கு இது பொருந்துமா என்று கேட்பீர்கள். அங்கே இரண்டு பருவமழையும் கிடைப்பதால் ஆண்டு முழுக்கக் கொழுந்து வரும். முதல், இரண்டாம் என்ற எண்ணிக்கை அங்கே அவ்வளவாகத் தேவைப்படாது. டிசம்பர், ஜனவரிக் குளிரில் எடுப்பதை ‘உறைபனித் தேயிலை’ என்றாலே போதும்.

மழைக்காலத்துக்கு ‘மழைத் துளிர்ப்பு’ என்பதில் சிக்கல் இல்லை. செடி வேகமாக வளரும், மணம் குறையும், விலையும் இறங்கும். அக்டோபர், நவம்பரில் வரும் ‘ஆட்டம் (autumn) ஃபிளஷ்’தான் எனக்குப் பிடிபடவில்லை. ‘இலையுதிர்காலத் துளிர்ப்பு’ என்றால் உதிர்வதும் துளிர்ப்பதும் ஒரே சொல்லுக்குள் மோதுகின்றன. ‘கூதிர்த் துளிர்ப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் நமக்குக் கூதிர் என்றால் ஐப்பசி அடைமழை, டார்ஜிலிங்கில் அப்போது மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். இப்போதைக்கு ‘இறுதித் துளிர்ப்பு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். செம்பு நிறச் சாறும் கனிந்த சுவையும் கொண்ட அந்தத் தேயிலைக்கு இந்தச் சொல் கொஞ்சம் வறட்சிதான். இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.