நல்லதம்பி குடும்பம் (கோண்டாவில்): மதுன்ர சாமத்தியவீட்டு ஹோல் விசயம்

சுதன் (டொரண்டோ): சின்னண்ணை ஹோல் முடிவாச்சே? டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போகுது, திகதியைச் சொல்லுங்கோ

வதனி: இன்னும் இல்லை

ரஞ்சி (உட்ரெக்ட்): அபிக்கு வச்ச மாதிரி அந்த லீவு வெள்ளியிலயே வையுங்கோவன். ஈஸ்டர் முடிய வாற நாலாவது வெள்ளி. சனி ஞாயிறும் சேத்து மூண்டு நாள் ஆறுதலா நிக்கலாம்

குமார் (ஹேர்னிங்): அக்கா அந்த லீவு இப்ப இல்லை. பெரிய செப நாள் எண்டு 1686 இல இருந்து இருந்த லீவை 2024 இல இருந்து டென்மார்க் அரசாங்கம் எடுத்துப்போட்டுது, சனம் ஒரு நாள் கூட வேலை செய்தால் வரி கூட வருமாம், அதைப் பாதுகாப்புச் செலவுக்குப் போடலாமாம், தொழிற்சங்கம் எல்லாம் கோபன்ஹேகனில ஊர்வலம் போய்ப் பாத்தும் ஒண்டும் நடக்கேல்லை

ரஞ்சி: ஐயோ

சுதன்: அப்ப எங்கட மதுன்ர லீவைப் பிடுங்கித்தான் உக்ரைனுக்கு எஃப் 16 சண்டைப் ப்ளேன் குடுத்தவை 😂😂

குமார்: உனக்கு எல்லாம் பகிடி. அது வேற கணக்கு. எஃப் 16 இஞ்ச 1980 இல இருந்து பறந்த சாமான், எஃப் 35 வந்த பிறகு எப்பிடியும் கழிக்கிறதுதான். 19 ஐ உக்ரைனுக்கு எண்டு சொன்னவை, 24 ஐ அர்ஜென்டினாவுக்கு காசுக்கு வித்தவை. அதால டென்மார்க் பெரிசா இழந்தது எண்டு இல்லை. என்ர கேள்வி என்னெண்டால் அங்க போய் அது என்ன வேலை செய்தது எண்டது

ரஞ்சி: நாங்களும் 24 குடுத்தனாங்கள். 2025 வைகாசியோட கடைசிப் ப்ளேனும் போட்டுதாம்

சுதன்: "நாங்களும்" 😄 அக்கா ஒல்லாந்துக்காரி ஆயிட்டா

நடேசன் பெரியண்ணை: ப்ளேன் குடுக்கிறது ஒருத்தருக்கும் நல்லதில்லை.

நடேசன் பெரியண்ணை: 🎤 குரல்செய்தி 4:07

வதனி: அத்தான் நான் வேலையில நிக்கிறன், எழுதி விடுங்கோ

நடேசன் பெரியண்ணை: இலங்கை விமானப்படை எங்களில குண்டு போட்ட ப்ளேனுகள் ஆரிட்ட வாங்கினது? கிபிர் 1996 இஸ்ரேல். மிக் 27, 2000 ஆம் ஆண்டு, அது எங்க இருந்து வந்தது? உக்ரைன். புக்காரா அர்ஜென்டினா. வித்தவன் ஒருத்தனும் பங்கருக்க இருக்கேல்லை. நீங்கள் எல்லாம் அங்கால போட்டியள், அம்மாவையும் என்னையும் கேளுங்கோ. இண்டைக்கும் பலாலியில சென்னைப் ப்ளேன் இறங்கேக்க எனக்கு வயிறு கலங்கும்

ரஞ்சி: "அங்கால போட்டியள்" எண்டு ஒவ்வொரு முறையும் சொல்லாதேங்கோ அண்ணை

சுதன்: 🙏

அபி: பெரியப்பா, நீங்கள் சொல்லுறது சரி. ஆனா அங்க இப்ப பங்கருக்க இருக்கிறது உக்ரைன் சனம்தானே. மேல வாறது ரஷ்யான்ர ஏவுகணையும் ஷாஹெட் ட்ரோனும். எஃப் 16 கனக்கச் செய்யிறது அதைச் சுட்டு விழுத்துற வேலை. 2024 மார்கழி 13 ஆம் திகதி ஒரே ஒரு பைலட் ஒரே பறப்பில ஆறு குரூஸ் ஏவுகணையை விழுத்தினவர் எண்டு அவையின்ர விமானப்படை சொன்னது. கிபிரும் இதுவும் ஒண்டில்லை

நடேசன் பெரியண்ணை: அதே ப்ளேன் குண்டும் போடுதெல்லோ

அபி: போடுது. இல்லையெண்டு சொல்லேல்லை

குமார்: அபி சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு ஆனால் முழுக்கதையும் பாக்கவேணும். எஃப் 16 விசயத்துக்கு அமெரிக்காவில பைடன் ஓம் எண்டது 2023 வைகாசி. செலென்ஸ்கி இஞ்ச ஸ்க்ரிட்ஸ்ட்ரப் விமானத் தளத்துக்கு வந்து எங்கட பிரதமரோட ப்ளேனுக்க ஏறி இருந்து படம் எடுத்தது 2023 ஆவணி. ப்ளேன் வந்திட்டுது எண்டு அவர் காட்டினது 2024 ஆவணி. அதுக்கிடையில 2023 கோடையில அவை செய்த பெரிய எதிர்த்தாக்குதல் மேல எஃப் 16 இல்லாமலே நடந்து நிண்டுபோச்சு. வந்த பிறகும் முன்னரங்குக்குக் கிட்டப் போக ஏலாது, ரஷ்யான்ர சு 35 ப்ளேன் தூரத்தில நிண்டே ஆர் 37 ஏவுகணையை அடிக்கும், அது எஃப் 16 இன்ர ஏவுகணையை விடத் தூரம் போறது, கீழ நிலத்தில இருந்து ப்ளேனை அடிக்கிற எஸ் 400 வேற. பைலட்மாருக்கு முதல்ல இங்கிலிஷ் படிப்பிச்சு பிறகு இஞ்ச, அரிசோனா, ருமேனியா எண்டு பிரிச்சுப் பிரிச்சுப் பழக்கினவை. எஃப் 16 இன்ர காத்து இழுக்கிற வாய் நிலத்தோட கிடக்கு, ஓடுபாதையில ஒரு கல்லுக் கிடந்தால் எஞ்சினுக்குள்ள போடும், சோவியத் ப்ளேன் மாதிரி கண்ட இடத்தில இறக்க ஏலாது. ப்ளேன் மட்டும் குடுத்தால் காணாது எண்டு அதைத்தான் சொல்லுறன்

சுதன்: சின்னண்ணை ஈசனுக்குக் குடுத்த பழைய டொயோட்டா மாதிரி. கார் சும்மா, திருத்தின காசில புதுக்கார் வாங்கியிருக்கலாம் 🤣

திலீப்: 🤣🤣🤣

வதனி: என்ர தம்பி அந்தக் காரைக் கேட்டு வாங்கேல்லை

வதனி: நீங்கள்தான் கொண்டுபோய் விட்டுட்டு வந்தனீங்கள் குமார்

குமார்: இப்ப ஏன் அந்தக் கதை

ரஞ்சி: சுதன் வாயை வச்சுக்கொண்டு சும்மா இரு

சுதன்: சொறி மச்சாள் 😬 சரி சீரியஸா கேக்கிறன், ஒரு ஷாஹெட் சில பத்தாயிரம் டொலர். அதை விழுத்த எஃப் 16 இல இருந்து விடுற அம்ராம் ஏவுகணை ஒண்டு பத்து லட்சம் டொலர் அளவில வரும். இது கட்டுபடியாகுமே?

அபி: இப்ப லேசர் காட்டுற வழியில போற மலிவு ரொக்கெட்டும் பூட்டினம் சித்தப்பா. மற்றது, ஷாஹெட் போய் விழுறது கரண்ட் எடுக்கிற இடத்திலயோ மாடி வீட்டிலயோ எண்டால் அதின்ர விலையையும் கணக்கில போடுங்கோ

திலீப்: பொயின்ட்

அபி: 2025 ஆனி 29 இரவு ரஷ்யா 477 ட்ரோனும் 60 ஏவுகணையும் விட்டது. உஸ்திமென்கோ எண்ட எஃப் 16 பைலட் ஏழு இலக்கை விழுத்திப்போட்டு, அடிபட்ட ப்ளேனை ஊர்மனையில விழாமல் அங்கால கொண்டுபோய் அதோடயே செத்தவர். முதல் செத்த மேஸ் எண்டவரும் அப்பிடி ஒரு பெரிய தாக்குதலைத் தடுக்கப் போய்த்தான், 2024 ஆவணியில

குமார்: ஓம் அந்த மேஸ் செத்து நாலு நாளில விமானப்படைத் தளபதியையும் மாத்தினவை

ரஞ்சி: பாவம் பெடியள்

நடேசன் பெரியண்ணை: பிள்ளை, அந்தப் பெடியனைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை. எங்களுக்கு அப்பிடி விழுத்திறதுக்கு ஒருத்தரும் ஒண்டும் தரேல்லை. அதுதான்.

அபி: ❤️

குமார்: அண்ணை சொல்லுறதில ஒண்டு இருக்கு, ஆருக்குக் குடுக்கிறம் எண்டது

நடேசன் பெரியண்ணை: குமார், அர்ஜென்டினாவுக்கு வித்தது எண்டு சொன்னாய். அதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை

சுதன்: அங்க இப்ப சண்டை இல்லையே அண்ணை

நடேசன் பெரியண்ணை: அவன் புக்காரா செய்யேக்க எங்களுக்கும் அவனுக்கும் என்ன சண்டை

வதனி: ஹோல்காரன் போன் எடுத்தவன். சனிக்கிழமை எண்டால் ஒரு நாள் மட்டும்தான் கிடக்காம், இண்டைக்கு முடிவு சொல்லட்டாம், அட்வான்சும் வேணுமாம்

குமார்: எந்தச் சனி?

வதனி: காலமை சொன்னனான்

திலீப்: மாமா வீடியோக்காரர் ட்ரோன் கொண்டு வருவாரோ? அபி மச்சாள்ன்ர வீடியோவில மேல இருந்து எடுத்தது வடிவு

குமார்: ட்ரோன் இஞ்ச கேட்டுத்தான் விடவேணும். 2025 புரட்டாதியில ஆரெண்டு தெரியாத ட்ரோன் வந்து கோபன்ஹேகன் விமான நிலையத்தையே சில மணித்தியாலம் பூட்டினவை, பிறகு ஐரோப்பியத் தலைவர்மார்ன்ர மாநாட்டுக்காகக் கொஞ்ச நாள் நாடு முழுக்க சனம் ட்ரோன் விடக்கூடாது எண்டு தடை போட்டவை. அதுக்குப் பிறகு வீடியோக்காரர் பயப்பிடுறார். இதையும்தான் யோசிக்கிறன், இப்ப சண்டையே ட்ரோன் சண்டை, கோடிக்கணக்கில ப்ளேனுக்குக் கொட்டுறதை விட டென்மார்க் இப்ப செய்யிற மாதிரி உக்ரைன்ர சொந்தத் தொழிற்சாலைக்கே காசைக் குடுத்து அங்கயே செய்விக்கிறது திறம், 2024 இல 18 பொக்டானா பீரங்கி அப்பிடித்தான் செய்து குடுத்தவை, கெதியாவும் வந்தது

அபி: அப்பா பீரங்கி ஏவுகணையை விழுத்தாது

குமார்: ஒரு உதாரணத்துக்குச் சொன்னனான்

அபி: அவையே ப்ளேன் வேணும் எண்டுதானே கேக்கினம். 2025 ஐப்பசியில சுவீடனோட 150 கிரிப்பென் வரைக்கும், கார்த்திகையில பிரான்ஸோட 100 ரஃபால் வரைக்கும் எண்டு எழுதிக் கையெழுத்து வச்சிருக்கினம்

குமார்: அது விருப்பக் கடிதம். காசு ஆர் குடுக்கிறது எண்டு அதில இல்லை

சுதன்: எங்கட ஹோல் மாதிரி 😂

வதனி: 😡

ரஞ்சி: வதனி அந்தச் சனி பாரிஸில எங்கட இவர்ன்ர மருமகள்ன்ர கலியாணம் எல்லே? நான் முதலே குறூப்பில போட்டனான், ஒருத்தரும் பாக்கேல்லையோ

வதனி: அது அடுத்த சனி மச்சாள்

ரஞ்சி: பொறு பாத்துச் சொல்லுறன்

நடேசன் பெரியண்ணை: நாள் பாத்தனீங்களோ? அட்டமி நவமியில வச்சுப் போடாதேங்கோ. ஐயரைக் கேட்டுச் சொல்லுறன், அட்வான்ஸ் கட்டாதேங்கோ

குமார்: அண்ணை பாதி கட்டியாச்சு

சுதன்: எப்ப???

வதனி: எனக்கே தெரியாது

ரஞ்சி: நான் பாத்திட்டன், கலியாணம் அடுத்த சனிதான். அப்ப வரலாம், ஆனா இவருக்கு லீவு கிடைக்குமோ தெரியேல்லை. சாப்பாடு சைவமோ மச்சமோ?

திலீப்: மச்சம் 🙋‍♂️

நடேசன் பெரியண்ணை: சைவம்.