புதிய வீட்டுத் தோட்டத்தில் 45 மி.மீ. ரயில் பாதை: எதை முதலில் முடிவு செய்வது?

கேள்வி: கல்லாறு (லெஸ்டர், இங்கிலாந்து)

அனைவருக்கும் வணக்கம். வாடகை வீட்டில் இருந்தவரை மேசைமேல் ஓடும் சிறு ரயில்களோடு நின்றுபோன என் ஆசை, புதிதாகக் கட்டப்பட்ட சொந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகு தோட்டத்தை நோக்கித் திரும்பியிருக்கிறது. தண்டவாளங்களுக்கு இடையே 45 மி.மீ. அகலமுள்ள மாதிரி ரயில் பாதையை அங்கே போட நினைக்கிறேன். பின்புறத் தோட்டம் 12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ளது. வீட்டுச் சுவரிலிருந்து கடைசி வேலிவரை தரை ஏறக்குறைய 40 செ.மீ. சரிகிறது. கீழே கனத்த களிமண். அதன்மேல் கட்டுநர்கள் விரித்துவிட்டுப் போன புல்தரையும் மெல்லிய மேல்மண்ணும் மட்டுமே இருக்கின்றன.

எனக்குச் சொந்த ஊர் மேட்டுப்பாளையம். ஆகவே நீலகிரி மலை ரயிலின் சாயல் எங்காவது ஓரிடத்திலாவது தெரிய வேண்டும் என்பது என் விருப்பம். வெயில் விழும் பக்கத்தைக் காய்கறிப் பாத்திக்கு விட்டுத்தர வேண்டும் என்பது மனைவியின் நிபந்தனை. எங்களோடு இருக்கும் அம்மாவால் குனியவோ தரையில் உட்காரவோ முடியாது. ஆனால் ரயிலை ஓட்டிப் பார்க்க அவருக்குத்தான் அதிக ஆவல். பாதையைத் தரையிலேயே போடுவதா, உயர்த்திப் போடுவதா? மின்சாரத்தைத் தண்டவாளம் வழியாகக் கொடுப்பதா, வண்டிக்குள் பேட்டரி வைப்பதா? வளைவு எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும்? எந்த முடிவை முதலில் எடுத்தால் மற்றவை தாமாகவே தெளிவாகும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: மீட்டர்கேஜ் (நியூரம்பெர்க், ஜெர்மனி)

எந்த அளவு மாதிரி என்பதுதான் முதல் முடிவு; அதற்கு உங்கள் ஊரே விடை சொல்லிவிட்டது. நீலகிரிப் பாதை மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு இடையே 1,000 மி.மீ. அகலம். அதை 1:22.5 என்ற அளவில் சுருக்கினால் 44.4 மி.மீ. வருகிறது; தோட்ட ரயில்களில் பரவலாகப் பயன்படும் 45 மி.மீ. தண்டவாளத்துக்கு இது மிகவும் நெருக்கம். இங்கே லேமன் நிறுவனம் 1968-இல் எல்.ஜி.பி. என்ற பெயரில் வெளியிட்ட வண்டிகள் இந்தக் கணக்கில்தான் அமைந்தன. 2007 முதல் அந்தப் பெயர் மேர்க்லின் நிறுவனத்திடம் இருக்கிறது. அதே 45 மி.மீ. தண்டவாளத்தில் 1:32 அளவுள்ள வண்டிகளையும் ஓட்டலாம் என்பது உண்மைதான், ஆனால் அவை 1,435 மி.மீ. ஸ்டாண்டர்டு கேஜ் ரயில்களின் மாதிரிகள். இரண்டையும் ஒரே தொடரில் கோத்தால் பக்கத்துப் பெட்டிகளின் கதவு உயரமே ஒன்றுக்கொன்று ஒத்துவராது. முதல் வண்டியை வாங்கும் முன்பே அளவைத் தீர்மானித்துவிடுங்கள்.

அடுத்தது வளைவு. என்னைக் கேட்டால், மீதி எல்லா முடிவுகளும் இதற்குப் பின்னால்தான் வர வேண்டும். தொடக்கப் பெட்டிகளோடு வரும் வளைவுத் துண்டுகளின் ஆரம் 60 செ.மீ. மட்டுமே, பன்னிரண்டு துண்டுகளில் ஒரு வட்டம் முடிந்துவிடும். எல்.ஜி.பி. வண்டிகள் அதில் தடம் புரளாமல் ஓடும் என்றாலும், நீளமான சுவிஸ் பெட்டிகள் வளைவில் பாதையை விட்டு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும் காட்சி கண்ணை உறுத்தும். உங்களிடம் 8 மீட்டர் அகலம் இருக்கும்போது அந்தச் சிறிய ஆரத்தை நினைத்தே பார்க்க வேண்டாம். வேலியிலிருந்தும் சுவரிலிருந்தும் ஒரு மீட்டர் ஒதுக்கி, 10 மீட்டருக்கு 6 மீட்டர் என்ற பரப்பில் மூலைகளுக்கு 2 மீட்டர் ஆரம் கொடுத்தால், சுற்றுப்பாதையின் நீளம் ஏறக்குறைய 28.5 மீட்டர் வரும். 1.5 மீட்டர் நீளமுள்ள நெகிழ் தண்டவாளங்களை வாங்கி, தண்டவாளம் வளைக்கும் உருளைக் கருவியால் நீங்களே வளைத்துக்கொள்ளலாம். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் வைக்கும் பாயிண்ட்டுகளையும் பெரிய ஆரத்தில் வாங்குங்கள். எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டாலும் தரத்தைக் குறைக்காதீர்கள், ஏனெனில் தோட்டத்தில் தடம் புரள்வது பெரும்பாலும் பாயிண்ட்டின் வாயில்தான்.

பதில் 2: ஜல்லிமேடு (கென்ட், இங்கிலாந்து)

வளைவுக்கு முன்னால் மண் இருக்கிறது என்பதை நண்பருக்கு நினைவூட்ட விரும்புகிறேன். புது வீட்டுத் தோட்டத்தின் களிமண் கட்டுமான இயந்திரங்களின் எடையால் இறுகிக் கிடக்கும். வீட்டுக்காகத் தோண்டி மூடிய பள்ளங்கள் மட்டும் மெதுவாக அமிழ்ந்துகொண்டிருக்கும். அது போதாதென்று, களிமண் குளிர்காலத்தில் நீரைக் குடித்து உப்பும், கோடையில் வெடித்துச் சுருங்கும். ஒரு குளிர்காலம் முழுவதும் எங்கே தண்ணீர் தேங்குகிறது, எங்கே பனி கடைசியாக உருகுகிறது, எந்த இடத்தில் வெயில் விழுகிறது என்று குறித்து வைத்த பிறகு தோண்டுவது நல்லது. அந்த இடைவெளியில் தண்ணீர், எரிவாயு, கழிவுநீர்க் குழாய்கள் எங்கே போகின்றன என்பதை வீட்டுப் பத்திரத்தோடு வந்த வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். கழிவுநீர்த் தொட்டியின் மூடிமேல் பாதை போகக் கூடாது. வீட்டுச் சுவரை ஒட்டி மண்ணைக் குவித்துக் கரை கட்டவும் கூடாது. சுவரின் ஈரத்தடுப்பு அடுக்குக்குக் கீழே 15 செ.மீ. இடைவெளி எப்போதும் தெரிய வேண்டும், இல்லையெனில் ஈரம் வீட்டுக்குள் ஏறிவிடும்.

40 செ.மீ. சரிவை ஒரு குறையாகப் பார்க்க வேண்டாம். 12 மீட்டருக்கு 40 செ.மீ. என்றால் 30-க்கு 1 என்ற ஏற்றம். சாதாரண சக்கரங்களுக்கு 50-க்கு 1 என்பதே வசதியான எல்லை என்பதால் தரையின் போக்கில் பாதையைப் போட முடியாது. பாதையைச் சமமட்டத்தில் வைத்து, வீட்டுப் பக்கம் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் தொடங்கினால், வேலிப் பக்கம் அது தானாகவே 70 செ.மீ. உயரத்துக்கு வந்துவிடும். அந்த இடத்தில் ஒரு நாற்காலியும் நிலையமும் போட்டுவிட்டால் உங்கள் அம்மா குனியாமலேயே வண்டிகளைக் கோத்துப் பிரிக்கலாம். உயர்த்திய பகுதியின் உட்புறத்தையே காய்கறிப் பாத்தியாக்கினால் மனைவியின் நிபந்தனையும் நிறைவேறும். ஆனால் உள்ளே போவதற்கு, தூக்கி எடுக்கக்கூடிய பாலம் ஒன்று கட்டாயம் வேண்டும்.

தூண்களுக்கு மறுசுழற்சி பிளாஸ்டிக் கட்டைகள் நன்றாக உழைக்கும். மரமென்றால் மண்ணில் புதைப்பதற்கென்றே பதப்படுத்தியதாக இருக்க வேண்டும். தூணுக்குத் தூண் ஒரு மீட்டருக்கு மேல் விடாதீர்கள். தூணின் தலையையும் மேற்பலகையையும் நேரடியாக ஆணி அடித்து இணைக்காமல், திருகு மரையும் போல்ட்டும் வைத்து உயரத்தைக் கூட்டிக் குறைக்கும்படி அமைத்துக்கொண்டால், களிமண் ஒவ்வோர் ஆண்டும் செய்யும் விளையாட்டைப் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். மட்டம் பார்க்க ரசமட்டம் மட்டும் போதாது. இவ்வளவு தூரத்துக்கு நம் ஊர்க் கொத்தனார்கள் பயன்படுத்தும், தண்ணீர் நிரப்பிய தெளிந்த குழாய்தான் நம்பகமானது.

நான் ஓட்டுவது உண்மையான நீராவி எஞ்சின்கள்; பியூட்டேன் வாயுவில் கொதிக்கும் சிறிய கொதிகலன்கள். இவை உங்களுக்குப் பின்னாளில் ஆசையைக் கிளப்பக்கூடும் என்பதால் இப்போதே சொல்லிவைக்கிறேன்: ரேடியோ கட்டுப்பாடு இல்லாத நீராவி எஞ்சின் இறக்கத்தில் ஓடத் தொடங்கினால் அடுத்த வளைவில்தான் நிற்கும், அதுவும் பக்கவாட்டில். சமமட்டம் வேண்டும் என்பதற்கு அதுவே போதுமான காரணம்.

பதில் 3: வடக்குப்பாதை (டொராண்டோ, கனடா)

தூண்கள் குறித்து எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. எங்கள் பகுதியில் மண் 1.2 மீட்டர் ஆழம்வரை உறையும். அதற்குக் கீழே போகாத தூணைப் பனி ஆண்டுதோறும் மேலே தள்ளிவிடும். ஆகவே இங்கே பலரும் ஆழமில்லாத வாய்க்கால் வெட்டி, ஜல்லி நிரப்பி, அதன்மேல் பாதையை மிதக்க விடுகிறோம். வசந்தத்தில் எங்கே இறங்கியிருக்கிறதோ அங்கே ஜல்லியை அடைத்து நிமிர்த்தினால் போதும். லெஸ்டரில் குளிர் அவ்வளவு கடுமையில்லை என்பதாலும், அம்மாவின் வசதி முக்கியம் என்பதாலும் வேலிப் பக்கத்துக்குத் தூண்களை ஏற்றுக்கொள்கிறேன். வீட்டுப் பக்கம் தரை உயரமாக இருக்கும் பாதிக்கு மட்டுமாவது, கல் அடுக்கிய தாழ்வான கரைமேல் ஜல்லிப் படுகையை யோசியுங்கள். வேலை மிச்சம், பார்வைக்கும் உண்மையான ரயில் பாதைபோல் இருக்கும். ஜல்லியாக உருண்டைக் கூழாங்கற்கள் வேண்டாம், அவை ஒன்றோடொன்று பிடிக்காது. கூர்முனையுள்ள கருங்கல் பொடிதான் சரி. கோழித் தீவனக் கடைகளில் மூட்டையாகக் கிடைக்கிறது.

எந்த முறையானாலும் தண்டவாளத்தை இறுக்கிப் பூட்டாதீர்கள். பித்தளை ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி வெப்பத்துக்கு, ஏறக்குறைய 0.019 மி.மீ. விரியும். உறைபனி நாளுக்கும், வெயிலில் காய்ந்த தண்டவாளத்தின் சூட்டுக்கும் இடையே 50 டிகிரி வேறுபாடு என்று வைத்துக்கொண்டால், 28.5 மீட்டர் சுற்றில் 27 மி.மீ. கூடும். கேட்கும்போது அச்சமாக இருக்கும். ஆனால் மூடிய சுற்றுப்பாதை முழுவதும் சுதந்திரமாக நகர முடிந்தால், அது சற்று விரிந்து வெளிப்புறமாக நான்கைந்து மி.மீ. தள்ளிப்போவதோடு சரி. பாயிண்ட்டுகளிலும் தூக்கு பாலத்தின் இரு முனைகளிலும் மட்டும் அசையாமல் பிடித்து, மற்ற இடங்களில் சிலீப்பர் கட்டைகளின் திருகுத் துளையை நீள்வட்டமாக விட்டுவிடுங்கள். பிடித்து வைத்த இரு இடங்களுக்கு நடுவே விரிவை இணைப்பு இடைவெளிகள்தான் தாங்க வேண்டும் என்பதால், மிதமான வெயில் நாளில் பாதை போடும்போது இணைப்புகளில் ஒரு மி.மீ. விட்டால் போதும்.

மின்சாரம் பற்றி: தண்டவாளம் வழியாகக் கொடுத்தால் ஒவ்வோர் இணைப்பிலும் திருகுக் கவ்வி போட வேண்டும், ஒவ்வொரு முறை ஓட்டுவதற்கு முன்பும் இலைச்சாறு, நத்தைத் தடம், பறவை எச்சம் எல்லாவற்றையும் துடைக்க வேண்டும். மின்மாற்றியை வீட்டுக்குள், உலர்ந்த இடத்தில் வைத்து, குறைந்த மின்னழுத்தக் கம்பியை மட்டுமே வெளியே கொண்டுவர வேண்டும். பேட்டரியும் ரேடியோவும் என்றால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. எஞ்சினில் இடமில்லாவிட்டால் அடுத்துள்ள சரக்குப் பெட்டியில் பேட்டரியை வைக்கலாம். பின்னால் நீராவி எஞ்சின் வந்தாலும் அதே பாதையில் ஓடும். தண்டவாளத்தில் மின்சாரம் இருந்தால், சக்கரங்கள் மின்காப்பு செய்யப்படாத நீராவி எஞ்சின் உடனே ஷார்ட் ஆக்கிவிடும்.

பதில் 4: கல்லாறு (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் நன்றி. சமமட்டச் சுற்று, 2 மீட்டர் ஆரம், வேலிப் பக்கம் தூண்கள், வீட்டுப் பக்கம் ஜல்லிக் கரை, பேட்டரி என்ற அளவுக்கு வந்துவிட்டேன். இந்தக் குளிர்காலத்தில் தோண்டப்போவதில்லை. முளைக்குச்சிகளை நட்டு, கயிறு கட்டி, புல்வெட்டும் இயந்திரம் எங்கே இடிக்கிறது என்று பார்க்கப்போகிறேன். ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். எல்லாம் சமமட்டமாகிவிட்டால் நீலகிரி எங்கே?

பதில் 5: ஹில்குரோவ் (கோயம்புத்தூர்)

சுற்றுப்பாதையைச் சமவெளியாக விட்டுவிட்டு, மலையைக் கிளைப்பாதையாகப் போடுங்கள். அசல் பாதையும் அப்படித்தான்: மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறுவரை சாதாரணத் தண்டவாளம், கல்லாற்றிலிருந்து குன்னூர்வரை, நடுவிலுள்ள பற்பட்டையை எஞ்சினின் பல்சக்கரம் பற்றி ஏறும் பல்சக்கரப் பாதை, குன்னூரிலிருந்து உதகைவரை மீண்டும் சாதாரணத் தண்டவாளம். பல்சக்கரப் பகுதியின் உச்ச ஏற்றம் 12-க்கு 1. அந்த ஏற்றத்தையே நீங்களும் வைத்துக்கொண்டால், 40 செ.மீ. உயரம் ஏற 4.8 மீட்டர் நீளம் போதும். உங்கள் தோட்டத்தின் பக்கவேலி ஓரம் அதற்குத் தாராளமாக இடம் கொடுக்கும். வேலிக்கட்டைகளில் எதையும் பொருத்தாதீர்கள், பாதைக்குத் தனித் தாங்கல் வேண்டும். தண்டவாளங்களுக்கு நடுவே பொருத்தும் பற்பட்டையும், அதற்கேற்ற பல்சக்கர எஞ்சினும் எல்.ஜி.பி.யிலேயே கிடைக்கும். அசலில் ஆப்ட் முறைப்படி இரண்டு பற்பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில், பற்கள் முன்பின்னாக அமைந்திருக்கும், இதில் ஒன்றுதான். அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

நீலகிரி எஞ்சின்களில் பழையவை சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் கட்டப்பட்டவை என்பதால், சுவிஸ் மீட்டர் கேஜ் மாதிரி ஒன்றை எடுத்து மாற்றியமைப்பது அவ்வளவு பொருத்தமற்றதாகத் தெரியாது. பெட்டிகளுக்கு நீலமும் வெண்மஞ்சளும் பூசினாலே பாதி வேலை முடிந்தது. ஆனால் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: மலை ஏறும்போது எஞ்சின் கீழ்முனையில் நின்று பெட்டிகளைத் தள்ள வேண்டும், இழுக்கக் கூடாது. அசலில் அப்படித்தான், தோட்டத்திலும் அதுவே பாதுகாப்பு. கொக்கி கழன்றாலும் பெட்டிகள் எஞ்சின்மேல் சாய்ந்து நிற்கும், தனியாக உருண்டு வந்து அம்மாவின் நிலையத்தில் மோதாது. இதற்காகக் கிளை பிரியும் இடத்தில் எஞ்சின் பின்னால் சுற்றிவர ஓர் இணைப்பாதை தேவைப்படும், ஆகவே பாயிண்ட்டுக் கணக்கில் இன்னும் இரண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அசல் பாதையில் 16 குகைகள் உண்டு. உங்களுக்கு ஒன்று போதும். இரு வாயிலிலிருந்தும் கையை நீட்டினால் நடுப்பகுதி எட்டும் அளவுக்கு, ஒரு மீட்டருக்கு மேல் போகாமல் வையுங்கள். கூரையைத் தூக்கி எடுக்கும்படி செய்தால் இன்னும் நல்லது. உள்ளே தரை வாயிலை நோக்கிச் சற்றே சரிந்திருக்க வேண்டும், இல்லையெனில் அந்தக் களிமண்ணில் தண்ணீர் அங்கேயே தங்கிவிடும். ஓட்டாத மாதங்களில் இரு வாயிலுக்கும் கம்பிவலை மூடி போட்டுவிடுங்கள்.