மறு: டேங்க் யூனிட்டுக்குத் தமிழ்ச்சொல் – ‘அனுப்பி’யை விட ‘உணர்தடை’ பொருந்தும்

அன்பார்ந்த குழுவினருக்கு வணக்கம்.

ஹூஸ்டனில் வசிக்கும் நம் உறுப்பினர், தம்முடைய 1966ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-100 வண்டியில் தொட்டி நிரம்பியிருந்தாலும் பெட்ரோல் முள் காலிக் கோட்டிலேயே கிடக்கிறது என்று எழுதியிருந்தார். அவருக்கு விடை சொல்லப் புகுந்த இந்த இழையில், தொட்டிக்குள் இருந்து பெட்ரோல் அளவை முள்ளுக்குத் தெரிவிக்கும் உறுப்புக்கு (டேங்க் யூனிட்) ‘அனுப்பி’, ‘உணரி’, ‘சென்டர்’ (ஆங்கில sender), ‘மிதவை அளவி’ என்று பெயர்கள் வரிசையாக வந்து சேர்ந்திருக்கின்றன. பழுதைப் பற்றிய பேச்சு ஒரு பக்கமும் சொல்லைப் பற்றிய பேச்சு இன்னொரு பக்கமுமாகப் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். அந்த உறுப்பை எப்பெயரால் அறிந்திருக்கிறாரோ, அதற்கேற்பத்தான் வேலை பழகும் ஒருவர் தம் சோதனை விளக்கை முதலில் எங்கே வைப்பது என்று முடிவு செய்கிறார்.

சிங்கப்பூரில் காக்கி புக்கிட், சுங்கை காடுட் வட்டாரப் பட்டறைகளில் வாகன மின்வேலை பழகும் தமிழ்த் தொழிலாளர்களுக்கு மாலை நேரங்களில் பாடம் சொல்லி வருகிறேன். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். தமிழைத் தங்குதடையின்றிப் படிப்பார்கள். ஆங்கிலக் கையேட்டில் படத்தைப் பார்த்துத்தான் வேலையைப் பிடித்துக்கொள்வார்கள். நாம் இங்கே முடிவு செய்யும் சொல் அகராதியில் அமர்ந்துவிடுவதோடு நிற்காமல் அவர்கள் கைக்குப் போகும் என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மின்னோட்டம் போகும் வழியைப் பார்ப்போம். மின்கலத்திலிருந்து சாவித்துளை வழியாக வரும் மின்சாரம் டேஷ்போர்டின் பின்புறம் உள்ள ஒரு சிறு பெட்டிக்குள் நுழைகிறது. அப்பெட்டி 12 வோல்ட்டை விட்டுவிட்டுத் துண்டித்து, சராசரியாக 5 வோல்ட் என்ற அளவில், முள் இருக்கும் காட்டிக்குக் கொடுக்கிறது. காட்டிக்குள் ஓர் ஈருலோகப் பட்டையின் (இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த, சூடானால் வளையும் பட்டை) மேல் மெல்லிய சூடேற்றுக் கம்பி சுற்றப்பட்டிருக்கும். அதைக் கடந்த மின்னோட்டம் வயர் வழியாகத் தொட்டிக்குப் போய், மிதவைக் கையால் நகர்த்தப்படும் மின்தடையைத் தாண்டி, தொட்டியின் உடல் வழியாக வண்டியின் எர்த்தில், அதாவது மின்கலத்துக்குத் திரும்பும் வழியாக அமையும் வண்டியின் உலோக உடலில், முடிகிறது. ஃபோர்டு வண்டிகளில் அந்த மின்தடை தொட்டி காலியாக இருக்கையில் ஏறத்தாழ 73 ஓம், நிறைந்திருக்கையில் ஏறத்தாழ 10 ஓம். தடை குறையும்போது மின்னோட்டம் கூடுகிறது, கம்பி சூடாகிறது, பட்டை வளைகிறது, முள் மேலேறுகிறது.

இந்த வரிசையில் தொட்டி கடைசியில் நிற்கிறது. அங்கிருந்து மின்சாரம் எதுவும் புறப்பட்டு வருவதில்லை. ‘அனுப்பி’ என்று கற்றுக்கொண்ட பழகுநர் தொட்டியின் முனையில் வோல்ட் மீட்டரை வைத்து, ‘இது ஒன்றும் அனுப்பவில்லையே’ என்று சொல்லிப் புதிய உறுப்பு வாங்கக் கிளம்பிவிடுவதைப் பட்டறையில் பார்த்திருக்கிறேன். அவர் சிந்தித்தது சரிதான். அவருக்குக் கொடுக்கப்பட்ட பெயர்தான் அவரைத் தவறான திசையில் அனுப்பியது. ஆங்கிலப் பெயரிலும் இதே குறை இருக்கிறது, அதை நாம் தமிழுக்குச் சுமந்து வர வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை.

சுங்கை ரோடு பழஞ்சந்தை 2017இல் மூடப்படுவதற்கு முன் அங்கே வாங்கிய பழைய ஃபோர்டு காட்டி ஒன்றைக் கண்ணாடி கழற்றி என் மேசையில் வைத்திருக்கிறேன். (ஃபோர்டு நம் ஊருக்குப் புதிதன்று. புக்கிட் தீமாவில் 1941இல் திறக்கப்பட்ட ஃபோர்டு தொழிற்சாலை 1980 வரை வண்டிகளைப் பூட்டி அனுப்பியது. 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்ததும் அந்தக் கட்டடத்தில்தான்.) அந்தக் காட்டியில் 73 ஓம் தடையைப் பூட்டினால் முள் அடிக்கோட்டை விட்டு அசைவதில்லை. அதை எடுத்துவிட்டு 10 ஓம் தடையைப் பூட்டியதும் முள் உடனே துள்ளி எழாது. பட்டை சூடாகச் சூடாக, பார்க்கிறவர் பொறுமையைச் சோதிக்கும் வேகத்தில் ஊர்ந்து ஏறி நிறைவுக் கோட்டுக்கு வந்து நிற்கும். மாணவர்களை அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வேன். தடை மாறினால் முள் மாறும் என்பது அதற்குமேல் விளக்கம் இல்லாமலே அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது.

இனி ஹூஸ்டன் நண்பரின் பழுது. எஞ்சினின் வெப்பக் காட்டி சரியாக வேலை செய்கிறது என்று அவர் சொல்கிறார். இரண்டு காட்டிகளுக்கும் 5 வோல்ட் தருவது ஒரே பெட்டிதான் என்பதால் பெட்டியின் மேல் ஐயப்பட வேண்டியதில்லை. அது செயலிழந்திருந்தால் இரண்டு முட்களும் சேர்ந்தே விழுந்திருக்கும். அதன் எர்த் விட்டுப்போயிருந்தால் 12 வோல்ட் முழுதாகப் பாய்ந்து இரண்டுமே அளவுக்கு மேல் ஏறியிருக்கும். ஆகவே குறை பெட்ரோல் காட்டியிலோ, வயரிலோ, தொட்டிப்பக்க உறுப்பிலோ, அதன் எர்த்திலோ இருக்கிறது. சாவியை அணைத்துவிட்டுத் தொட்டியில் உள்ள வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே ஒரு 10 ஓம் தடையை இறுக்கமாகப் பூட்டிய பிறகு சாவியைப் போட வேண்டும். முள் ஊர்ந்து ஏறினால் காட்டியும் வயரும் நலம், குறை தொட்டிப்பக்கம் இருக்கிறது. ஏறாவிட்டால் டேஷ்போர்டின் பின்புறம் போய்க் காட்டியின் முனைகளைப் பார்க்க வேண்டும்.

வயரை நேரடியாக உடலில் தொட்டுப் பார்க்கும் பழக்கம் பலரிடம் உண்டு. அதை நான் அனுமதிப்பதில்லை. நீண்ட நேரம் அப்படி வைத்திருந்தால் காட்டியின் சூடேற்றுக் கம்பி கெட்டுவிடக்கூடும். இந்த வண்டியிலோ தொட்டி இருக்கைக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கிறது. பெட்ரோல் ஆவி தங்கக்கூடிய இடத்தில் ஒரு தீப்பொறிகூட எழக்கூடாது.

தொட்டிப்பக்கம்தான் குறை என்று தெரிந்தாலும் உடனே உறுப்பை மாற்ற வேண்டாம். தொட்டி புதிதாக வண்ணம் பூசப்பட்டிருந்தாலோ, அதன் அடியில் ரப்பர்ப் பட்டைகள் வைக்கப்பட்டிருந்தாலோ, எர்த் சரியாகக் கிடைக்காது. உறுப்பின் விளிம்பிலிருந்து வண்டியின் உடலுக்குத் தனியாக ஒரு வயர் இழுத்துப் பார்த்தால் பல நேரங்களில் முள் எழுந்துவிடும்.

இத்தனையையும் மனத்தில் வைத்துக்கொண்டு பெயர்களைப் பார்ப்போம். ஆங்கிலப் பெயரையே ‘சென்டர்’ என்று ஒலிபெயர்த்து விடலாம் என ஈப்போவிலிருந்து எழுதும் ஐயா ஒருவர் இந்த இழையில் சொன்னார். தமிழில் அது நடுவம் என்றே படிக்கப்படும். ஹாக்கர் சென்டர், சர்வீஸ் சென்டர் என்று நாள்தோறும் சொல்லும் ஊரில் ‘சென்டரை மாற்று’ என்று எழுதிக் கொடுத்தால், வண்டியை வேறு பட்டறைக்குக் கொண்டுபோகச் சொல்வதாக ஒருவர் எடுத்துக்கொள்ள முழு நியாயம் உண்டு. ‘மிதவை அளவி’ தொட்டிக்குப் பொருந்தும், ஆனால் எஞ்சினின் வெப்பத்தைக் காட்டுவதற்கான இணை உறுப்பில் மிதவை கிடையாது. ‘உணரி’ நல்ல சொல், பரவலாக வழங்குவதும்கூட. என் தயக்கம் ஒன்றுதான்: இன்றைய வண்டிகளில் தானே சமிக்ஞை உண்டாக்கிக் கணினிக்குத் தரும் உறுப்புகளும் உணரிகளே. தானாக எதையும் உண்டாக்காத, வெறும் மின்தடையாக மட்டும் இருக்கும் இந்த உறுப்பை அவற்றிலிருந்து பிரித்துக் காட்டினால் சோதிக்கும் முறை தெளிவாகும்.

ஆகவே ‘உணர்தடை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். உணர்கின்ற தடை, உணர்ந்த தடை, உணரும் தடை என்று மூன்று காலத்துக்கும் விரியும் வினைத்தொகை இது; ஆதலால் இடையில் வல்லினம் மிகாது, ‘உணர்த்தடை’ என்று எழுதுவது பிழை. ‘வளர்தமிழ் இயக்கம்’ என்று சொல்லிப் பழகிய சிங்கப்பூர் நாவுக்கு இந்த ஒலி இயல்பாகவே வரும். எரிபொருள் உணர்தடை, வெப்ப உணர்தடை, எண்ணெய் அழுத்த உணர்தடை என்று குடும்பமாகவும் விரிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சொல்லைக் கேட்டவுடனே கை ஓம் மீட்டரைத் தேடும். வயரைக் கழற்றி, உறுப்பின் முனைக்கும் உடலுக்கும் இடையே ஓம் அளக்க வேண்டும் என்ற சோதனை பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

‘தடை’ என்றால் விலக்கு என்ற பொருளல்லவா முந்தி வரும் என்று சகோதரி ஒருவர் கேட்டிருந்தார். பள்ளி இயற்பியலில் ‘மின்தடை’ படித்தவர்களுக்கு அந்த மயக்கம் வராது. ‘உணர்’ என்பதோடு சேர்ந்து நிற்கையில் விலக்கு என்ற பொருளுக்கு இடமுமில்லை.

ஃபோர்டுக்கு மட்டும் பொருந்தும் சொல்லாகிவிடுமோ என்ற கேள்விக்கும் விடை சொல்ல வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் 1960களின் நடுவிலிருந்து காலிக்கு 0 ஓம், நிறைவுக்கு 90 ஓம். காட்டியில் ஈருலோகப் பட்டைக்கு மாறாக இரண்டு காந்தச் சுருள்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கும். அதனால் வயரைக் கழற்றினால் முள் நிறைவையும் தாண்டி ஓடும், எர்த் கொடுத்தால் காலிக்கு வரும். எல்லாம் ஃபோர்டுக்கு நேர்மாறு. அப்படியிருந்தும் தொட்டிக்குள் இருப்பது உணர்தடையே, அதன் மறுமுனை எர்த்தே. சொல் நிற்கிறது. எண்ணெய் அழுத்த விளக்குக்கான உறுப்பை மட்டும் இக்குடும்பத்தில் சேர்க்கக்கூடாது. அது மூடித் திறக்கும் சொடுக்கி. ‘அழுத்தச் சொடுக்கி’ என்போம். முள் இருக்கும் வண்டியில் அதை மாட்டினால், முள் ஏதேனும் ஒரு கோடியில் போய் ஒட்டிக்கொள்ளும்.

5 வோல்ட் தரும் பெட்டிக்குச் ‘சீராக்கி’ என்று சிலர் எழுதியுள்ளனர். ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதற்கும் அதே பெயர் புழங்குவதால், ஒன்றைக் கேட்டு மற்றொன்றை வாங்கி வருவார்கள். ‘காட்டி நிலைப்படுத்தி’ என்று முன்னொட்டோடு எழுதினால் போதும். அது விட்டுவிட்டு வேலை செய்வதால் எண் மீட்டரில் அளவு ஓரிடத்தில் நிற்காமல் ஏறியிறங்கும், அது பழுதன்று என்ற குறிப்பைக் கலைச்சொல் விளக்கத்தில் சேர்க்க வேண்டுகிறேன். சோதனை விளக்கு துடித்துத் துடித்து எரிந்தால் பெட்டி நலம்.

‘எர்த்’ என்பதற்குப் ‘புவியிணைப்பு’ என்று மாற்ற வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்க எனக்கு மனமில்லை. வீட்டு மின்வேலையில் அது சரியான சொல். ரப்பர்ச் சக்கரங்களின் மேல் நிற்கும் வண்டிக்கு மண்ணோடு இணைப்பே இல்லை. பட்டறையில் எல்லோரும் ‘பாடி எர்த்’ என்கிறார்கள், அதைவிடத் தெளிவான சொல் கிடைக்கும் வரை அதுவே இருக்கட்டும். அதற்குத் தனி இழை தொடங்கினால் நானும் கலந்துகொள்கிறேன்.

ஹூஸ்டன் நண்பர் 10 ஓம் சோதனையின் முடிவையும், உணர்தடையைத் தொட்டி நிறைந்திருக்கும் இப்போதே அளந்தால் கிடைக்கும் ஓம் அளவையும் எழுதினால், அடுத்த படியைச் சொல்ல எளிதாக இருக்கும்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து